தப்பிய பொறி இறங்கிய கால்

கேஸில் ஓடும் லாரியின் எஞ்சினில் ஒரு பிளக் பொறி விடாமல் தவறினால் அந்தப் பொறி வீணாய்ப் போவதில்லை. பிளக்காரருடைய மனைவியின் வலது காலில் வந்து இறங்கும், அவள் ஓரடி எடுத்து வைப்பாள். ஒரு பொறிக்கு ஓரடி என்று கறாராகச் சொல்ல முடியாது. ஏழு பொறிக்கு ஓரடி என்பது பின்னால் பலரும் பார்த்து ஒப்புக்கொண்ட விகிதம். மழைக்காலத்தில் ஆறு பொறிக்கே ஓரடி விழுந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்கள். அடி விழும் திசையில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த லாரி தவறியதோ அந்த லாரி இருக்கும் பக்கமாகத்தான் விழும். லாரி வளைவில் திரும்பினால் அவளும் திரும்புவாள். டிரைவர் எஞ்சினை அணைத்தால் அவளும், நடுத்தெருவானாலும் அடுத்தவர் வீட்டு வாசலானாலும், அங்கேயே நின்றுவிடுவாள். நாலு வருடமும் சில மாதங்களும் இப்படி நடந்தது.

பிளக்காரர் என்பது அவர் பெயரல்ல. வாக்காளர் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். லாரிகள் டீசலில் ஓடிய காலத்தில் அவர் பத்தோடு பதினொன்றான மெக்கானிக். டீசல் எஞ்சினில் பொறி விடும் பிளக் கிடையாது, அமுக்குகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பிறகு முதலாளி, வீதிக்கோடியில் லாரி நிறுத்தம் வைத்திருந்தவர், டீசல் வண்டிகளை எல்லாம் தள்ளிவிட்டுக் கேஸில் ஓடும் லாரிகள் பதினொன்றை வாங்கி நிறுத்தினார். ஆறு சிலிண்டர், ஆறு பிளக். மற்ற மெக்கானிக்குகள், மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற சாமானை லாரிக்குப் போட்டுக் குழந்தை விளையாட்டு ஆக்கிவிட்டான் என்று சிரித்தார்கள். சிரிக்காமல் ஒரு பிளக் ஸ்பானர் வாங்கியவர் இவர் ஒருவர்தான். ஆறு மாதத்தில் பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினின் யோக்கியதையைச் சொல்லக் கற்றுக்கொண்டார். இளம் பழுப்பாக இருந்தால் சௌக்கியம். எண்ணெய் மினுமினுத்தால் உள்ளே வளையம் தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் காய்ச்சலில் ஓடுகிறது. நுனிகளுக்கு இடையே இருக்கும் சந்து நாளாக ஆக அகன்றுபோகும். கேஸ் லேசில் பற்றாது, பொறி பலமாகப் பாய வேண்டும். சந்து அகன்றால் பொறிக்குத் தாண்ட மனசு வராது. மெல்லிய தகடு ஒன்றைச் சந்தில் விட்டு அளந்து, தாடைபோல் வளைந்த வெளிநுனியை ஒரு மயிரிழை தட்டிக் கொடுப்பார். லாரி முக்காமல் முனகாமல் மேட்டில் ஏறும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தத் துளையில் இருந்த பிளக்கோ அதே துளைக்குத் திரும்பிப் போக வேண்டும், அப்போதுதான் எந்தச் சிலிண்டர் என்ன சொல்கிறது என்று மாதாமாதம் தொடர்ந்து படிக்க முடியும். மற்றவர்கள் பலகையில் வரிசையாக வைப்பார்கள். யாராவது டீ கொண்டு வருகிறேன் என்று பலகையை எத்திவிடுவார்கள், ஆறும் உருண்டு அத்தோடு வரிசை போயிற்று. இவர் அந்த வேலையே வேண்டாம் என்று, பிளக்கின் மேல்பக்கத்து வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் எண் எழுதினார். எழுதினார் என்றால் ஏனோதானோ என்றல்ல. ஒன்று, பீங்கானின் உச்சியிலிருந்து அடியில் உள்ள இரும்புவரை ஒரே நேர்கோடு. நாலுக்கு, ஒட்டகத்துக்குக் கால் வைத்ததுபோல நீளமான ஒற்றைக் கால், அதுவும் இரும்பைத் தொடும். மற்றவை எல்லாம் உருண்டு சுருண்டு நடுவிலேயே நிற்கும். கோணல் எண் எழுதுகிறவனுக்குப் புத்தியும் கோணலாக இருக்கும் என்று அவர் நம்பினார். டிரைவர்கள் பானட்டைத் திறந்து மற்றவர்களுக்கு அந்த எண்களைக் காட்டினார்கள். யார் பார்த்தாலும், இதைச் செய்தவன் விஷயம் தெரிந்தவன் என்று தோன்றும்.

முதல் அடி, ஒரு சட்டைக் காலர் பாதி தைத்திருக்கும்போது விழுந்தது. அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் கால் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு அளவு நாடா இல்லாமல் கண்ணாலேயே அளவு சொல்லக்கூடியவள். அன்றைக்கு மிதிபலகையிலிருந்து வலது கால் தானாக எழுந்தது, அவளும் எழுந்தாள், சுவரைப் பார்த்து நடந்தாள். சுவர் குறுக்கே இருந்ததால் சுவரில் மூக்கு உரச நின்ற இடத்திலேயே நாற்பது அடி நடந்தாள். அப்புறம் நின்றது. உட்கார்ந்து காலரை முடித்தாள். சட்டைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார், குறை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாசலைத் தாண்டினாள். அதற்கடுத்த மாதம் வீதியைத் தாண்டினாள். டாக்டர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் ஒழுங்கு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பினார். அவளுடைய மாமியார், இவளுக்கு வீடு தங்காத கால் என்று கல்யாணத்தன்றே தெரியும் என்றார். கனமான செருப்பு, இடுப்பில் கயிறு, மெஷினோடு சேர்த்துக் கட்டுவது எல்லாம் பார்த்தார்கள்; மெஷின்தான் வாசல்வரை இழுபட்டது.

விஷயத்தை முதலில் சோதித்துப் பார்த்தது அவளுடைய அண்ணன். அவன் முதலாளியிடம் லாரி ஓட்டினான். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் வண்டி மிஸ்ஸிங் அடித்துத் திணறி நிற்க, எஞ்சினை உறுமவிட்டபடி சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். சாலையில் தங்கை சீரான நடையில் வந்துகொண்டிருந்தாள், கையில் கத்திரிக்கோல், தோளில் அளவு நாடா.

"ஏம்மா, இங்க எங்க வந்தே? அதுவும் கத்திரிக்கோலோட?"

"நீதான் இழுத்துட்டு வந்தே. முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுண்ணே, பம்பர் மேல ஏறிடப்போறேன்."

அவன் அணைத்தான். அவள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்று, சாலையோரத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவன் சந்தேகப்பட்டு மறுபடி எஞ்சினைப் போட்டான். அவள் எழுந்தாள். அணைத்தான். உட்கார்ந்தாள். நாலு தடவை இப்படிச் செய்ததும், "விளையாடறியா?" என்று கத்திரிக்கோலைக் காட்டினாள். அவன் அன்றைக்கு அவளைக் கேபினில் ஏற்றி, வேறொரு வண்டியில் லாரியைக் கட்டி இழுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டான். "மாப்ள, உங்க வைத்தியம் சரியில்லாத நாள்லெல்லாம் என் தங்கச்சி ரோட்டுல இருக்கா," என்றான். பிளக்காரர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. நம்பவும் செய்தார். இருபது வருடமாக எஞ்சின்களோடு பழகினவர். ஒரு இடத்தில் தவறினது இன்னொரு இடத்தில் தலைகாட்டும் என்பது அவருக்குப் புது விஷயம் அல்ல.

அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டை அடுத்த தன் ஷெட்டில் ஸ்பானர் பிடித்திருக்கும்போதே காது வீட்டுப் பக்கம் இருக்கும். மெஷின் ஓடும் சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். பாதி நாள் அவள் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். மீதி நாள் நாற்காலி காலியாக இருக்கும், மிதிபலகை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அவள் போவதைவிடத் திரும்பி வரத் தாமதமாவதுதான் அவரை அரித்தது. முதலில் சமையல் நேரத்துக்குள் திரும்பினாள். பிறகு மறுநாள். பிறகு மூன்றாம் நாள். போய்ச்சேர்ந்த லாரி நிறுத்தங்களில் டிரைவர்களுடைய சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தொங்குவதைப் பார்த்தவள் சும்மா இருக்க முடியாமல் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு தார்ப்பாய். பிறகு அவர்களே அவளுக்காகக் கிழிசலைச் சேர்த்துவைத்தார்கள். கத்திரிக்கோலோடு போனவள் கைமெஷினோடு போகத் தொடங்கினாள். என்றைக்காவது ஒருநாள் கால் நின்ற இடத்திலேயே அவள் நின்றுவிடுவாள், திரும்பி வரக் காரணம் இல்லாமல் போய்விடும் என்று அவர் பயந்தார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சாப்பிட்டியா, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மனைவியைப் பிடித்துவைக்கப் பார்த்தார். பதினோரு லாரிக்கும் புதுப் பிளக் போட்டார். வயர் மாற்றினார், பொறிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றினார். கேஸ் கம்பெனியைத் திட்டினார், டிரைவர்களின் மிதியைத் திட்டினார், ஈரக் காற்றைத் திட்டினார். ஒன்றாம் பிளக்கும் நாலாம் பிளக்கும்தான் திரும்பத் திரும்பத் தவறின; அதற்கு அவர் எஞ்சினின் முன்பக்கம் குளிர்ச்சி, நடுப்பக்கம் சூடு என்று ஒரு சித்தாந்தமே கட்டினார், அதை மற்ற மெக்கானிக்குகள் தலையாட்டிக் கேட்டார்கள். ஒவ்வொரு புதுப் பிளக்கிலும் முன்னைவிடக் கவனமாக, முன்னைவிட அழுத்தமாக எண் எழுதினார். அவர் எவ்வளவு கவனித்தாரோ அவ்வளவு அவள் நடந்தாள்.

மூன்றாவது மழைக்காலம் தொடங்கியபோது, கால் அவளை ஒருநாள் அவருடைய ஷெட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. சாரல் அடிக்கிறது என்று பட்டப்பகலில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள், உள்ளே இருட்டு. அவர் அண்ணன்காரனின் லாரியில் ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, எஞ்சின் மேல் படுக்கவைத்து, மற்ற ஐந்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பொறி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து, அடிமேல் அடிவைத்து வந்து, பம்பரில் முழங்கால் இடிக்க நின்றாள். நின்ற இடத்தில் கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவர் பிளக்கின் நுனியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் பொறி வருகிற இடம் அதுதான். அவள் அப்படிப் பார்த்துப் பழகாதவள், அதனால் முழுசையும் பார்த்தாள். பீங்கானின் மேல் நீல நூல் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க. உங்க பொறி நுனிக்கே போகல. நீங்க எழுதின ஒன்னு மேலயே வழுக்கி இறங்குது."

"பென்சில் கோட்டுல கரண்டு ஓடுமா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். துணியில கோடு போட்டா கத்திரி அது மேல போகுது. பீங்கான்ல கோடு போட்டா கரண்டு போகாதா?"

அவர் எஞ்சினை அணைத்து, துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, எண்ணை அழுத்தித் துடைத்தார். மறுபடி ஓடவிட்டார். நுனியில் பொறி சடசடவென்று வெடித்தது. அவள் கால் நின்றுவிட்டது. பென்சிலுக்குள் இருப்பது கரி, கரியில் மின்சாரம் ஓடும். ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால், சந்தைத் தாண்டுவதற்குப் பதில் யாராவது போட்டுக் கொடுத்த சாலையில் இறங்கிப் போவது அதற்குச் சுலபம். உச்சியிலிருந்து இரும்புவரை போகிற எண்கள் ஒன்றும் நாலும்தான்.

"அது என் பென்சில்," என்றாள் அவள், அவருடைய காதில் செருகியிருந்ததைப் பார்த்து. "லைனிங் துணிக்கு வச்சிருந்தது. ரெண்டு வருஷமா வீடு பூரா தேடறேன்."

"இப்ப என்ன செய்யச் சொல்றே?"

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சொல்லிட்டு அழிங்க."

"சொன்னா நாளையிலேர்ந்து ஷெட்டுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"உங்களுக்கு உக்காரவாவது முடியுது," என்றாள். அதற்குள் எங்கேயோ இன்னொரு லாரியை யாரோ எடுத்துவிட்டார்கள். அவள் ஷட்டருக்கு அடியில் குனிந்து மழைக்குள் போனாள்.

அவர் அழித்தார், ஆனால் சொல்லவில்லை. வியாபாரத்தில் அடிபட்ட சரக்கைப் புதுச் சரக்காக்கி விற்கிறவர்கள் உண்டு. அவர் தன்னுடைய தப்பைத் துடைக்கிற வேலைக்கே ஒரு நல்ல பெயர் வைத்துக் கடைத்தெருவில் பரப்பினார். முதலாளியிடம் போய், "வண்டி நின்ன பிறகு பாக்கறது ஒரு பார்வையா முதலாளி? நிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். நானே வந்து பாக்கறேன், காசு வேணாம்," என்றார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். காசு வேண்டாம் என்கிற மெக்கானிக்கை அவர் அதுவரை சந்தித்ததில்லை. உடம்புக்கு ஏதும் பெரிய வியாதியா என்று விசாரித்தார். பிறகு சம்மதித்தார். பிளக்காரர் ஒவ்வொரு லாரியாகப் போய், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பிளக் குழியைச் சுற்றி இருக்கும் தூசியை ஊதித் தள்ளி, பிறகு கழற்றி, துடைத்து, சந்தை அளந்து, முதலில் விரலாலேயே மரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானர் வைத்து, போதும் என்கிற இடத்தில் நிறுத்தினார். சூடாயிருக்கும் எஞ்சினில் கழற்றினால் மரை பிய்த்துக்கொண்டு வரும் என்றும், பலம் காட்டி இறுக்கினால் பீங்கான் உள்ளுக்குள் விரிசல் விடும் என்றும் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எண் எங்கே என்று கேட்டவர்களிடம், இப்போது பலகையில் துளை போட்டு எண் எழுதியிருக்கிறேன், அதுதான் நவீனம் என்றார்.

பத்து லாரிகள் மிஸ்ஸிங் இல்லாமல் ஓடின. ஊரில் அவருக்கு மரியாதை கூடியது. வருவதை முன்னாலேயே தடுக்கிற மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். நின்றுபோன லாரிகளை நம்பிப் பிழைத்த இரண்டு மெக்கானிக்குகள் வேறு தொழிலுக்குப் போனார்கள், போகும்போது அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள். மனைவி வாரக்கணக்கில் வீட்டில் இருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த விஷயத்தைப் பற்றி அவள் மறுபடி வாயே திறக்கவில்லை. யாராவது அவள் எதிரில் அவரைப் புகழ்ந்தால் மட்டும் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு ஊசியைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வரப் பழகினார்.

பதினோராவது லாரி பச்சை நிறம். அதை முதலாளி அந்த மழைக்கு முன்பே விற்றிருந்தார். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றார், மிஸ்ஸிங் அடிக்கும் வண்டி யார் கையிலும் தங்காது, அது கைமாறிக் கைமாறித் தூரமாகப் போனது. அது தவறும்போதெல்லாம் அவள் எழுந்தாள். ஒன்பது நாள் கழித்து வந்தாள். அப்புறம் பதினேழு நாள். அப்புறம் ஒரு மாதம். தொலைபேசி வரும்: "நான்தான். நல்லாருக்கேன். பன்னெண்டு சீட்டு தைக்கக் குடுத்திருக்காங்க. வர லேட்டாகும்." அவர் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள், "வேற ஒன்னும் சொல்றதுக்கு இல்லையே?" என்று கேட்பாள். இல்லை என்பார். வைத்துவிடுவாள். ஆறு பேர் சாப்பிடும் பாத்திரத்தில் ஒருவருக்குச் சமைத்து, நின்றபடியே சாப்பிட்டு, மறுபடி வாசலுக்கு வந்து நின்றார். உட்கார்ந்தால் உடம்பில் எறும்பு ஊர்ந்தது.

நாலு வருடம் கழிந்து ஒரு காலையில் கால் எழுந்தபோது, அவள் அவசரப்படாமல், நடந்த இடத்திலேயே நடந்துகொண்டு, இரும்புப் பெட்டியைத் திறந்து குளிர்காலப் போர்வையை எடுத்து மூட்டையில் வைத்தாள். அப்போது கோடையின் ஆரம்பம். அவர் அதைப் பார்த்தார். ஷெட்டைப் பூட்டி, கருவிப் பையைத் தோளில் போட்டு, அவள் பின்னால் நடந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். "செருப்ப மாத்திட்டு வாங்க. இது ரெண்டு நாள் தாங்காது," என்று மட்டும் சொன்னாள்.

லாரி ஓடினால் நடந்தார்கள், லாரி நின்றால் நின்றார்கள். நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்போது கிளம்பும் என்று தெரியாமல் மரத்தடியிலும் பஸ் நிறுத்தத்திலும் மூட்டையைக் கட்டினபடியே காத்திருக்க வேண்டும். சோறு வாயில் இருக்கும்போது கால் எழும். அவள் இதை வருடக்கணக்காகத் தனியாகச் செய்திருந்தாள். லாரி நிறுத்தங்களில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. வாங்க தையலம்மா என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள். இவரை யாரென்று கேட்டு, வீட்டுக்காரர் என்று தெரிந்ததும், "ஓ, நீங்களும் ஏதாச்சும் வேலை செய்வீங்களா?" என்றார் ஒருவர், உண்மையான அக்கறையோடு.

ஒரு நிறுத்தத்தில், காதில் பென்சில் செருகிய மெக்கானிக் ஒருவன் பிளக்குகளில் எண் எழுதிக்கொண்டிருந்தான். ஒன்று, உச்சியிலிருந்து இரும்புவரை. நாலுக்கு ஒட்டகக் கால். பிளக்காரர் அருகில் போய் நின்றார். அவன் பெருமையாகக் காட்டினான். "இது பழைய பிளக்காரர் ஒருத்தரோட முறைங்க. இந்தப் பக்கமா வந்த ஒரு பச்சை வண்டியில பாத்தோம். எவ்வளவு சுத்தம் பாருங்க. இப்ப இந்த ரோடு பூரா இப்படித்தான் எழுதறோம்." பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெட்டின் பின்னாலிருந்து அவனுடைய அப்பா, கையில் தண்ணீர் வாளியோடு, வலது காலை முன்னால் தூக்கி வைத்து வெளியே வந்தார். தண்ணீர் தளும்பத் தளும்ப வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனார். "கொஞ்ச நாளா அப்பா இப்படித்தான். வயசாயிடுச்சில்ல," என்றான் அவன். பிளக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் சிந்தியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், மூடிக்கொண்டார். அதற்குள் அவள் கால் எழுந்துவிட்டது. அன்று முழுக்க அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள், அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பச்சை லாரி, இரண்டு நாள் தள்ளி ஒரு பெரிய நிறுத்தத்தில் நின்றிருந்தது. முப்பது டிரைவர்கள் இருந்தார்கள். லாரிக்காரர் முகம் சவரம் செய்யாமல், பானட்டைத் திறந்துபோட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அதன் திக்கலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். தையலம்மா நேராக வந்து ரேடியேட்டரில் நெற்றி படும்படி நின்றதும், "இவங்க நிக்கணும்னா வண்டிய அணைக்கணும், எனக்குத் தெரியும்," என்று எழுந்து அணைத்தார். பிறகு பிளக்காரரிடம், கேட்காமலேயே, சொல்ல ஆரம்பித்தார்: காயில் இரண்டு தடவை மாற்றியாயிற்று, வயர் நாலு தடவை, எத்தனையோ மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று, சரக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். "பிளக்குல மட்டும் கோளாறு இல்லைங்க. பாருங்க, எழுதியிருக்கிற அழகை. எந்த மெக்கானிக்குக்கும் இத மாத்த மனசு வரல, பாத்து எழுதிக்கிட்டுத்தான் போறாங்க. என் கைராசிதான் சரியில்ல. நாளைக்கு எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்."

பிளக்காரர் கருவிப் பையைக் கீழே வைத்தார். எஞ்சின் சூடாக இருந்தது, ஒரு மணி நேரம் ஆற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவரால் எதையும் செய்ய முடியாது, பேசுவதைத் தவிர.

"உங்க கைராசிக்கு ஒன்னுமில்ல. அந்த நம்பர முதல்ல எழுதினவன் நான்தான். அந்தக் கோட்டு வழியாத்தான் பொறி ஓடுது. எழுதாம விட்டிருந்தா வண்டி நல்லா ஓடியிருக்கும்."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். மத்த வண்டியில எல்லாம் யாருக்கும் சொல்லாம அழிச்சிட்டேன். இத அழிக்க மட்டும் வரல."

டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். அவர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். மூன்றாம் முறை சொன்னார். ஒருவன் சிரித்தான். ஒருவன், "சும்மா பாத்துத் தர்றாருன்னதும் நான் அப்பவே நினைச்சேன்," என்றான், அவன் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. லாரிக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து, அவர் சட்டையைப் பிடித்தார், ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஆறிடுச்சு, கழட்டுங்க," என்றார்.

அவர் தூசியை ஊதிக் கழற்றினார். துடைக்கத் துணி தேடியபோது அவள் லைனிங் துண்டு ஒன்றை நீட்டினாள். ஒன்றையும் நாலையும் துடைத்தார், பிறகு மற்ற நாலையும் துடைத்தார். விரலால் மரை ஏற்றினார், போதும் என்கிற இடத்தில் நிறுத்தினார். லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஆறு காலிலும் சீராக ஓடியது. முப்பது டிரைவர்களும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் திரும்பி அவள் வலது காலைப் பார்த்தார்கள். அது தரையில் இருந்தது.

அவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. இழுப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. ஸ்பானரைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசிக்கறே?" என்றார் கடைசியில்.

"எந்தப் பக்கம் போலாம்னு என் காலக் கேக்கறேன். நாலு வருஷமா யாரும் அதக் கேட்டதில்ல."

அவர் காத்திருந்தார். அது எஞ்சின் ஆறியதைவிட நீளமான காத்திருப்பு. அவள் இடது காலை முதலில் எடுத்து வைத்தாள், அவர் பக்கமாக. அவரைத் தாண்டிக் கருவிப் பையின் ஒரு வாரைத் தூக்கிப் பிடித்தாள். "அந்த வாளிக்காரப் பெரியவர் இன்னேரம் எங்க நிக்கறாரோ. வந்த வழியே போனா ரெண்டு நாள். வழியில எத்தன ஷெட்டு இருக்கோ அத்தனையிலயும் இதையே சொல்லணும், முடியுமா உங்களால?"

"பழகிடுச்சு. மூணு தரம் சொல்லிட்டேன்."

"அப்ப அந்தப் பக்கத்து வாரை நீங்க பிடிங்க."

அந்தச் சாலை நெடுக எண்களை அழிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆயிற்று, முழுசாக இன்னும் முடியவில்லை. நல்ல முறையைவிடத் தப்பான முறை வேகமாகப் பரவும், அதுவும் கையெழுத்து அழகாக இருந்தால் தடுக்கவே முடியாது. வீடு மாதத்தில் பாதி நாள் பூட்டியிருக்கிறது. அவர் நிறுத்தம் நிறுத்தமாகப் போய், நிற்பதற்கு முன்னால் லாரிகளைப் பார்க்கிறார், முதலில் தன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பானட்டைத் தொடுகிறார். அவள் பக்கத்தில் கைமெஷினைப் போட்டுச் சீட்டுத் தைக்கிறாள், வேலை முடிந்தால் எழுந்திருக்கிறாள், முடியாவிட்டால் எழுந்திருப்பதில்லை. யார் யாரோ மெக்கானிக்குகளின் மனைவியும் மாமனாரும் கொழுந்தனும் அவ்வப்போது சாலையில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நிறுத்தக்காரர்கள் அவர்களுக்காக வாசலில் பெஞ்சு போட்டு, கொளுத்துகிற வெயிலுக்குக் கூரையும் இறக்கிவிட்டார்கள். போன வாரம் ஒரு பெண் முழங்கைவரை சோப்பு நுரையோடு, துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடி, ஒரு சிவப்பு லாரியை நோக்கி மூச்சு வாங்க நடந்து வந்தாள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தான். தையலம்மா நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

"உக்காரும்மா, ஆற ஒரு மணி நேரம் ஆகும். ஒன்னா, நாலா?"

"நாலுன்னு நினைக்கறேன்க்கா," என்றாள் அந்தப் பெண், துணியைப் பிழிந்து உதறி, பெஞ்சின் முதுகில் காயப்போட்டபடி.